கடைசி சீசன்: எங்கள் வீட்டுப் பதிப்பு

மே 6, சனி

ஐந்தாம் பாகத்தை மூன்றாவது முறையாகப் படித்து முடித்தேன். கருத்து மாறவில்லை: கதாநாயகன் காயில் ஒரு மண்டு. நெற்றியில் பிறை மச்சத்தோடு பிறந்துவிட்டால் மூளை வேண்டாம் என்று எழுத்தாளர் முடிவு செய்துவிட்டார் போல. மூவாயிரத்து எழுநூறு பக்கம் அலைகிறான், ஒருமுறைகூட யாரிடமும் வழி கேட்கவில்லை. உலகைக் காக்கப் பிறந்த ஆண்பிள்ளை, வழி கேட்டால் மானம் போய்விடும்.

'துருவேறிய நிலா' நாவல் வரிசை மொத்தத்திலும் எனக்கு வேண்டியவன் ஒருவன்தான், தெஸ்மர். கோட்டையின் வடக்கு வாயிலைக் காக்கிற கிழவன். முழங்கால் வலி, ஒரு முக்காலி, யார் வந்தாலும் ஒரே கேள்வி: பெயர்? வேலை? மச்சம் இல்லை, வாள் இல்லை. என் மகள் ஜுமானாவுக்கும் அவன்தான். ஒன்பது வயதில் டிவி தொடரின் முதல் சீசனை என்னோடு பார்த்தாள். ரத்தம் வரும் இடங்களில் அவள் கண்ணைப் பொத்தினேன், விரலிடுக்கில் பார்த்தாள். இப்போது பதினேழு. எட்டு வருடங்களாக அவளும் நானும் வேறு எதில் ஒத்துப்போகாவிட்டாலும் இதில் ஒத்துப்போகிறோம்.

நூலின் ஆறாம் பாகம் வரவே இல்லை. எழுத்தாளர் தோட்ட வேலை செய்கிறாராம். டிவிக்காரர்கள் காத்திருந்து அலுத்துப்போய்த் தாங்களே முடிக்கப் போகிறார்கள். இன்று தேதி அறிவித்துவிட்டார்கள். ஜூன் 8 முதல் ஆறு வாரம்.

ஜுமானாவின் பொதுத் தேர்வு ஜூன் 12 முதல் ஜூலை 8.

இப்படி ஒரு பொருத்தம் தற்செயலாக அமையாது. எங்கோ ஒரு கோபுரத்தில் ஒரு மந்திரவாதி உட்கார்ந்து வேலை செய்திருக்கிறான்.

மே 9, செவ்வாய்

காலையில் அவித்த மொச்சைத் தட்டுக்கு மேல் சத்தியம் செய்துகொண்டோம். தேர்வு முடியும்வரை இருவரும் பார்ப்பதில்லை. என் கணவன் ஹாஸெம் சாட்சி.

"எவளாவது ஏமாத்தினா?" என்றாள் ஜுமானா.

"அவளுக்குக் கேடு உண்டாகட்டும்" என்றேன்.

இது எங்கள் வீட்டு நகைச்சுவை. திரையில் ஒருவன் மூன்று தலைமுறையையும் சேர்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டுவான். கீழே நம் அரபு மொழிபெயர்ப்பு வரியில் "உனக்குக் கேடு உண்டாகட்டும்" என்று வரும். பன்றி என்றாலும் கேடு, வேசிமகன் என்றாலும் கேடு. நம் பார்வையாளர்களின் கற்பைக் காக்க யாரோ ஒரு புண்ணியவான் எங்கோ கூலிக்கு உழைக்கிறார்.

ஹாஸெம் ரொட்டியைக் கிழித்தபடி, "ரெண்டு பேரும் இந்தச் சத்தியத்தைக் கொஞ்சம் இயற்பியல் மேலயும் பண்ணுங்களேன்" என்றான்.

மே 18, வியாழன்

எங்கள் தெருவின் எல்லா பால்கனியிலும் டியூஷன் விளம்பரத் துணி. "இயற்பியலின் பேரரசர்." "வேதியியலின் சிங்கம்." "உயிரியலின் கடைசி மந்திரவாதி." எந்த நாவலிலும் இத்தனை பட்டங்களை ஒரே தெருவில் பார்த்ததில்லை. பேரரசரின் வகுப்பில் ஒரே கூடத்தில் முந்நூறு பிள்ளைகள். ஜுமானா பின்வரிசை, அவருடைய வழுக்கை மட்டும்தான் தெரியும் என்கிறாள்.

அவளுக்கு மருந்தியல் படிப்பு கிடைக்க வேண்டும். என் மருந்துக்கடையில் என் பெயருக்குக் கீழே இன்னொரு பெயருக்கு இடம் விட்டுத்தான் பலகை செய்தேன். அதை அவளிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமில்லை, பலகை அவள் கண்ணுக்குத் தெரியாமலா இருக்கிறது?

மே 27, சனி

புது முன்னோட்டம் வந்திருக்கிறதாம். பார்க்கவில்லை. ஒரே ஒரு படம் கண்ணில் பட்டுவிட்டது: பாலைவனத்து மணல்குடிகள் மறுபடியும். திரை முழுக்க மஞ்சள். ஏன் பாலைவனம் வந்ததும் கேமராவுக்கு மஞ்சள் காமாலை வந்துவிடுகிறது? நான் பாலைவனம் பார்த்திருக்கிறேன், வானம் நீலமாகத்தான் இருந்தது. அவர்களுக்கு வளைந்த வாள், கண்ணில் மை, யாரும் முழு வாக்கியம் பேசுவதில்லை. நான்கு சீசனில் மணல்குடிப் பெண் ஒருத்தி பேசிய மொத்த வசனம்: "இல்லை", "ஓடு", அப்புறம் ஒரு அலறல்.

ஆனாலும் பார்க்கிறேன். இருபது வருடமாக இந்த மாதிரிக் கதைகளை விழுந்து விழுந்து படிக்கிறேன், என்னைப் போல இருப்பவன் வந்தாலே அவன் கத்தியால் குத்தப் போகிறவன் என்று தெரிந்தும். எனக்கு என்ன வியாதி? மாத்திரை விற்கிறவளுக்கே தெரியவில்லை.

ஜூன் 8, வியாழன்

முதல் பகுதி வந்துவிட்டது. நான் கடையில் எல்லா மருந்துகளின் காலாவதித் தேதியையும் சரிபார்த்தேன். இரண்டு முறை.

ஜூன் 13, செவ்வாய்

நேற்று அரபுத் தேர்வு. பரவாயில்லையாம். விடைகளை ஒப்பிடாதே என்று சொல்லிவிட்டு நானே ஒளிந்து ஒப்பிட்டேன்.

கடைக்கு ஃபிக்ரி அய்யா வந்தார். சுங்கத்தில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்திரண்டு வயது, ரத்த அழுத்தம். சீசன் ஆரம்பித்தால் பேரனை வைத்து முதல் மணி நேரத்திலேயே இறக்கிப் பார்த்துவிடுவார். கவுன்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, "டாக்டரம்மா, பாத்தீங்களா?" என்றார். இங்கே மருந்துக்கடைக்காரிக்கும் அந்தப் பட்டம்தான்.

"பாக்கல. ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா மாத்திரை கிடையாது."

"ஒரே ஒரு சின்ன..."

"ஃபிக்ரி அய்யா!"

வாயை மூடிக்கொண்டு புருவத்தால் மட்டும் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அந்தப் புருவத்துக்கு என்ன அர்த்தம் என்று மாலைவரை யோசித்தேன்.

ஜூன் 20, செவ்வாய்

சொல்லிவிட்டார். பாவி மனிதர். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார், யாரோ உறவில் போய்விட்டார்கள் என்று நினைத்து, "என்ன ஆச்சு அய்யா?" என்று நானே வாயைக் கொடுத்தேன்.

"நம்ம தெஸ்மர் போயிட்டான் டாக்டரம்மா. குதிரை உதைச்சு."

குதிரை உதைத்து! போர் இல்லை, துரோகம் இல்லை, கடைசி வார்த்தை இல்லை. லாயத்துப் பக்கம் போனானாம், குதிரை உதைத்ததாம், அடுத்த காட்சியில் ராணி அவுர்லின் முடி பின்னிக்கொண்டிருக்கிறாளாம். இதற்கா எட்டு வருடம்? ஒரு நல்ல மனிதனை வைத்து என்ன செய்வதென்று தெரியாவிட்டால் சும்மா விட்டுவிடக் கூடாதா? அவன் பாட்டுக்கு முக்காலியில் உட்கார்ந்திருப்பான். சாப்பாடுகூடக் கேட்க மாட்டான்.

ஃபிக்ரி அய்யாவின் ரத்த அழுத்தம் பார்த்தேன். நூற்று முப்பது. என்னுடையதைப் பார்க்கவில்லை.

ஜூன் 22, வியாழன்

இயற்பியல். பள்ளி வாசலில் பெண்கள் கூட்டமாக அழுதுகொண்டு வந்தார்கள். ஜுமானா அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்து காலணியோடு படுத்துப் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். ஒன்பது கேள்விகளுக்கு எதையும் குறிக்கவில்லையாம்.

ஜூன் 23, வெள்ளி

அடுத்த தேர்வுகளுக்குப் போகமாட்டாளாம். திங்கள் வேதியியல், ஈத் முடிந்து உயிரியல், பிறகு நிலவியல் — எதற்கும். ஒரு தாளை விட்டாலும் வருடம் போச்சு, இதே பன்னிரண்டு மாதச் சிறையை அடுத்த ஆண்டும் முதலிலிருந்து. அவளுக்கு அது தெரியும். தெரிந்துதான் சொல்கிறாள்.

ஹாஸெம் முதலில் கெஞ்சினான். அப்புறம் கத்தினான். அப்புறம் பால்கனியில் போய் நின்றுகொண்டான். கப்பல் இயந்திரத்தைச் சரி பண்ணுகிற மனிதனுக்குப் போர்வைக்குள் இருக்கிற ஒரு பெண்ணை என்ன செய்வது என்று தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரியுமா? கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏதாவது சாப்பிடு என்றேன். மருந்தியல் இல்லாவிட்டால் என்ன, உலகமா போய்விடும் என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. அவள் காது கூர்மை.

ரொம்ப நேரம் கழித்துப் போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தெஸ்மருக்கு என்ன ஆச்சு?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"உனக்குத் தெரியும். மூணு நாளா அவன் பேரையே எடுக்கல நீ. யாரோ சொல்லிட்டாங்க. சொல்லு."

சத்தியமாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்த அறையில், அந்த மத்தியானத்தில், குதிரை உதைத்துச் செத்தான் என்று எப்படிச் சொல்வது?

"உயிரோடதான் இருக்கான்" என்றேன். "இருண்ட அரசன் படையோட வடக்கு வாயிலுக்கு வந்துட்டான். நாப்பதாயிரம் பேர்."

போர்வை அசைந்தது. "அப்புறம்?"

அப்புறம் என்ன? எனக்கே தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். தெஸ்மர் முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பேரு என்றான். அரசன் சொன்னான். வேலை என்றான். "உலகத்தை அழிப்பது" என்றான் அரசன். தெஸ்மர் காகிதத்தைப் புரட்டினான். "அழிக்கிறதுக்கு அனுமதிச் சீட்டு வேணும். மூணாவது மாடி, நாலாவது ஜன்னல். அங்க முத்திரை வாங்கிட்டு வாங்க. இன்னிக்கு நேரம் முடிஞ்சுபோச்சு. நாளைக்கு வாங்க."

போர்வைக்குள் ஒரு சத்தம். இருமலா, சிரிப்பா? சிரிப்புதான்.

"உண்மையாவே இப்படியா வருது?"

"நீயே பின்னாடி பாத்துக்கோ."

"மீதி?"

"திங்கக்கிழமை. வேதியியல் முடிஞ்சு வெளிய வந்ததும்."

முகத்தை வெளியே எடுத்தாள். கண் வீங்கியிருந்தது. "இது லஞ்சம்."

"ஆமா."

ஜூன் 26, திங்கள்

போனாள்!

நடைபாதையில் மற்ற அம்மாக்களோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார்கள். நான் நாற்பதாயிரம் பேருக்கு அந்த மூன்றாவது மாடியில் யார் முத்திரை குத்துவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இறைவன் மன்னிப்பானாக.

வெளியே வந்தவள் தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஆரம்பி" என்றாள். கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டே சொன்னேன். அரசன் நான்காவது ஜன்னலுக்குப் போனால் அதிகாரி தொழுகைக்குப் போயிருக்கிறார். அவசரத்துக்கு டிராகனைக் கூப்பிடுகிறான். டிராகன் எங்கள் ஊர் மினிபஸ்காரன் மாதிரி தலையை நீட்டிக் கத்துகிறது: "ரம்ல் ஸ்டேஷன், ரம்ல் ஸ்டேஷன்! ஒரு ஆள் இடம்! ஓரமா உக்காரு ஹாஜி, செதில்ல கால் வைக்காத!" ஆள் நிறையாமல் அது கிளம்பாது.

ஜுமானா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஜூன் 28, புதன். ஈத்

இறைச்சி, விருந்தினர், "பொண்ணு எப்படி எழுதறா?" என்கிற கேள்வி பதினோரு முறை.

எல்லோரும் போன பிறகு கதையில் மாட்டிக்கொண்டேன் என்று தெரிந்தது. அரசனை மாடிப்படி ஏற்றிவிட்டேன், இறக்கத் தெரியவில்லை. இருபது வருடமாகச் சோபாவில் சாய்ந்து "இதை என் பூனைகூட நன்றாக எழுதும்" என்று சொன்னவள் நான். எனக்குப் பூனைகூட இல்லை.

ஜூலை 1, சனி

இன்று அவமானம். உயிரியல் படிப்புக்கு நடுவே சம்பளமாக ஒரு பகுதி சொல்லச் சொன்னாள். கொல்லன் ஓரிக் வந்து தெஸ்மருக்குப் புதுச் சாவி அடித்துக் கொடுக்கிறான் என்று உணர்ச்சியோடு சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, ஓரிக் பாலத்துல செத்துட்டான். வேதியியல் அன்னிக்கு நீயே கொன்ன."

"அது... அவன் இரட்டைத் தம்பி."

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "இரட்டையா? மூணாவது சீசன்ல இரட்டையக் கொண்டாந்ததுக்கு நீ செருப்பத் தூக்கி டிவி மேல எறிஞ்சியே! எழுதறவனுக்கு வெக்கம் இல்லையான்னு கேட்டியே!"

"எறிஞ்சேன். இப்ப அந்த ஆளோட கஷ்டம் புரியுது."

கதவோரம் நின்று ஹாஸெம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான், எவ்வளவு நாளாக என்று தெரியவில்லை. "நாப்பது பேரை ஏத்திக்கிட்டு அந்த டிராகன் மேல எழும்பவே முடியாது" என்றான். "இறக்கையோட அகலத்தக் கணக்குப் பண்ணினியா?"

"அப்பா, அது மாயம்!"

"மாயம்னாலும் எடை எடைதானே?"

ஒரு மாதமாக அந்த அறைக்குள் அவன் போனால் சண்டை. இன்று அரை மணி நேரம் இருவரும் இறக்கை வரைந்தார்கள். பாவம் உயிரியல்.

ஜூலை 3, திங்கள்

உயிரியல் முடிந்தது. என் கதையும் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பள்ளி வாசலில் ஒருத்தி தோழிகளிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "இயற்பியல் என்னைத் தெஸ்மரைக் குதிரை உதைச்ச மாதிரி உதைச்சுது." எல்லோரும் சிரித்தார்கள். என் மகள் சிரிக்கவில்லை. நின்று என்னைப் பார்த்தாள்.

கடற்கரைச் சாலையில் நடந்தோம். கடல் சத்தம், கார் சத்தம். ஐந்து நாளில் நிலவியல், கடைசித் தேர்வு. இந்த நேரத்திலா பிடிபட வேண்டும்? எல்லோரும் அவளிடம் பொய் சொல்கிறார்கள், நன்றாக எழுதியிருப்பாய், எல்லாம் சரியாகிவிடும், மதிப்பெண் முக்கியமில்லை. இந்தப் பட்டியலில் நானும் சேர்ந்துவிட்டேன். போர்வை திரும்ப வரும் என்று காத்திருந்தேன்.

"பொய் சொன்னியா?"

"ஆமா."

"எல்லாமே?"

"எல்லாமே. டிராகன் உட்பட."

"டிராகன் பொய்னு எனக்கு முன்னாடியே தெரியும்மா. அவ்ளோ முட்டாள் இல்ல நான்." கொஞ்ச தூரம் போனாள். "ஆனா அவன் உயிரோட இருக்கான்கறத நம்பினேன்."

அவள் பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன்.

அடுத்த பஸ் நிறுத்தம் வந்தது. பிறகு, "குதிரையா?"

"குதிரை."

"முன்னங்காலா, பின்னங்காலா?"

"பின்னங்கால்னு கேள்வி."

உதடு கோணியது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. இரண்டு பேரும் சாலையோரத்தில் நின்று செத்தவனுக்காகச் சிரித்தோம். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "உன் கதையையும் நீ முடிக்க மாட்ட. அரசன் படி ஏறிக்கிட்டே இருப்பான். நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்கன்னு இழுப்ப. உனக்குத் தைரியம் இல்ல. முடிவு எனக்குத் தெரியும்."

"என்ன முடிவு?"

"சனிக்கிழமை. நிலவியல் முடிஞ்சு வெளிய வந்ததும்."

"ஜுமானா! கொஞ்சமாவது சொல்லு. சாகறானா?"

"நேரம் முடிஞ்சுபோச்சு" என்றாள். "நாளைக்கு வாங்க."

ஜூலை 5, புதன்

கெஞ்சினேன். சொல்லவில்லை. பாறைகளைப் படிக்கிறாள். கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, தானாகவே.

ஜூலை 8, சனி

முடிந்தது. வெளியே வந்தாள், கரும்புச் சாறு வேண்டும் என்றாள், இரண்டு டம்ளர் குடித்தாள், பிறகுதான் சொன்னாள்.

அரசன் கடைசியில் எல்லா முத்திரையும் வாங்கி வந்துவிடுகிறான். தெஸ்மர் ஒவ்வொன்றாகப் பார்க்கிறான். எல்லாம் சரி. திருப்பி அனுப்பக் காரணமே இல்லை. முக்காலியிலிருந்து எழுந்திருக்கிறான். சாவியை அரசன் கையில் கொடுக்கிறான். "நான் கொஞ்சம் வெளிய போய்ட்டு வரேன், நீங்க உக்காருங்க" என்கிறான். அரசன் உட்காருகிறான். மறுநாள் ஒருவன் வண்டியோடு வருகிறான். அரசன் நிமிர்ந்து பார்த்து, "பேரு? வேலை?" என்கிறான். அவ்வளவுதான், உலகம் பிழைத்துக்கொண்டது, அரசனுக்கு வேறு எதற்கும் நேரமில்லை.

"தெஸ்மர்?" என்றேன்.

"போயிட்டான்."

"எங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? முப்பது வருஷம் அந்த வாசல்ல உக்காந்தவன். எங்கயாவது போகட்டும்."

"ராணி? காயில்? தீர்க்கதரிசனம்? மூவாயிரத்து எழுநூறு பக்கம், ஜுமானா!"

"காயில் உள்ளதான் எங்கயோ வழி தெரியாம சுத்திட்டு இருக்கான்."

விமர்சனம், எனக்காக: முடிவு அவசரம். ராணியைக் கழற்றிவிட்டது மன்னிக்க முடியாதது. முக்கியப் பாத்திரம் விடைகூடப் பெறாமல் போகிறது. பார்வையாளரை இப்படி நடுத்தெருவில் நிறுத்துவது நியாயமா? ஐந்துக்கு மூன்று. ராணிக்காக அரை குறைத்து இரண்டரை.

கை கழுவப் போகிறேன் என்று கரும்புச் சாறு கடையின் பின்பக்கம் போய் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வந்தேன்.

ஜூலை 31, திங்கள்

காலையில் தேர்வு முடிவு வந்தது. எழுபத்தாறு சதவீதம். மருந்தியலுக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஹாஸெம் மதிப்பெண்ணை இரண்டு முறை படித்தான், பிறகு அவள் தலையில் கை வைத்து, "வேதியியல்ல நல்ல மார்க்" என்றான். இயற்பியலைப் பற்றிப் பேசவில்லை. பல்கலைக்கழக விருப்பப் பட்டியலில் முதல் இடத்தில் கலைப்புலம் போட்டிருக்கிறாள். என்னைக் கேட்கவில்லை, நானும் ஏன் என்று கேட்கவில்லை. கடைக்குப் போகும்போது பலகையைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு பெயர் போதும்.

மத்தியானம் ஃபிக்ரி அய்யா வந்தார். "இப்பவாவது பாத்தீங்களா, டாக்டரம்மா?"

"பாக்கல. எங்களுக்கு வேற முடிவு கிடைச்சுடுச்சு" என்றேன். சொன்னேன், முத்திரை, டிராகன், முக்காலி, எல்லாம். என் மகள் முடித்தது என்றும் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். மனிதர் சுங்கத்தில் முப்பத்தைந்து வருடம் இருந்தவர், கண்ணைச் சுருக்கிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"வேலையில இருக்கிறவன் ரெண்டாவது கையெழுத்து இல்லாம சாவியக் கொடுத்துட்டுப் போவானா?" என்றார். "இதுக்கு அந்தக் குதிரையே மேல்."

மாத்திரையைக் கவுன்டரில் வைத்தேன். சீக்கிரம் குணமாகட்டும் என்றுகூடச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து ஜுமானாவிடம் சொன்னேன். வருத்தப்படுவாள் என்று நினைத்தேன். நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"அவருக்குப் புரியல" என்றாள், அத்தனை எழுத்தாளர்களும் சொல்கிற அதே குரலில்.